காட்டு ஆய்வகத்தை விட்டுப் போகிறவர் சார்ஜ் கொடுப்பது எப்படி?

கிராம நிர்வாக அலுவலர் மாற்றலாகிப் போனால், அடங்கல், சிட்டா, புலப்படம் என்று ஒவ்வொன்றாக எழுதி, வருகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்ப முடியும். நிலம் அங்கேயே கிடக்கும், ஆள்தான் மாறுவார் என்பது வருவாய்த் துறைக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகக் காட்டுச் சூழலியல் ஆய்வகங்களிலும் நிலைமை அதேதான். மரம் நகராது; ஆள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார். ஆனால் இங்கே சார்ஜ் கொடுக்கும், அதாவது பொறுப்பை எழுதி ஒப்படைக்கும், வழக்கம் மட்டும் கிடையாது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் லட்டு கொடுத்துவிட்டு, பென் டிரைவ் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போவதோடு சரி.

மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இளநிலை உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) இரண்டு ஆண்டு, முதுநிலை உதவித்தொகை (எஸ்.ஆர்.எஃப்.) மூன்று ஆண்டு, அதோடு பணம் நின்றுவிடும். ஆய்வேடு எழுதுவதே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். கையில் காசில்லாத ஆளிடம் இரண்டு வாரம் காட்டுக்குப் போய் ஒப்படைத்துவிட்டு வா என்றால் எப்படிப் போவார்? ஆகவே ஒப்படைப்பை சினாப்சிஸ் (ஆய்வேட்டுச் சுருக்கம்) கொடுப்பதற்கு முன்பே, உதவித்தொகை வந்துகொண்டிருக்கும்போதே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் போதும்: ஒரு வாரம் காட்டில், ஒரு வாரம் ஆய்வகத்தில், ஒரு வாரம் கணினியில். அந்த மூன்று வாரத்தை ஒதுக்கித் தருவது வழிகாட்டியின் பொறுப்பு.

எதை எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இருக்கிறது. ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் 1980-இல் அங்கே 50 ஹெக்டேர் பிளாட் ஒன்றைத் தொடங்கினார்கள். (பிளாட் என்றதும் வீட்டு மனை நினைவுக்கு வருகிறவர்கள் மன்னிக்க. மரங்களுக்கு எண் போட்டுத் திரும்பத் திரும்ப அளக்க எல்லை குறித்த காட்டுத் துண்டை இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) ஒரு சென்டிமீட்டர் விட்டம் தாண்டிய தண்டு ஒவ்வொன்றுக்கும் எண், மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேல். முதல் இரண்டு கணக்கெடுப்புகளில் 55 மில்லிமீட்டருக்குக் குறைந்த தண்டுகளை 5 மில்லிமீட்டர் படிகளாகக் கீழே இறக்கி எழுதினார்கள். 14 மில்லிமீட்டர் இருந்தால் 10 என்று எழுதுவார்கள். 1990 முதல் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் வந்தது. இது தெரியாமல் 1985-ஐயும் 1990-ஐயும் கழித்துப் பார்த்தால், 14-இலிருந்து 16 ஆன கன்று 6 மில்லிமீட்டர் வளர்ந்ததாகத் தெரியும். உண்மையில் வளர்ந்தது 2. சிறு கன்றுகள் எல்லாம் அந்த ஐந்து ஆண்டில் திடீரென்று கொழித்தது போல ஒரு பொய்த் தோற்றம் வரும். மாற்றத்தை யாரோ எழுதி வைத்திருந்ததால், 1990-இன் அளவையும் அதே மாதிரி கீழே இறக்கி ஒப்பிட முடிகிறது. அந்த ஒரு வரிக் குறிப்பு இல்லாவிட்டால் எத்தனை கட்டுரைகள் தப்பாகப் போயிருக்கும்!

இன்னொன்று, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள எச்.ஜே. ஆண்ட்ரூஸ் சோதனைக் காடு. அங்கே 1985-இல் மார்க் ஹார்மன் 500-க்கும் மேற்பட்ட மரக்கட்டைகளைத் தரையில் போட்டு, மக்கிப்போவதை 200 ஆண்டு அளக்கத் திட்டமிட்டார். தொடங்கியவர் முடிவைப் பார்க்கவே முடியாது என்பது முதல் நாளே தெரிந்த ஆய்வு அது. நம்மூர் ஆய்வேடுகளோ ஐந்து ஆண்டில் எல்லாம் முடிந்துவிடும் என்ற நினைப்பில் நடக்கின்றன. அதே மரங்களை இன்னொருவர் பத்து ஆண்டு கழித்து அளக்க வருவார் என்று யாரும் யோசிப்பதில்லை. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-89-இல் போட்ட 50 ஹெக்டேர், இலங்கையின் சிங்கராஜாவில் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் 1993-இல் போட்ட 25 ஹெக்டேர் போன்றவற்றில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு மாணவர் தன் ஆய்வுக்காக ஆங்காங்கே போட்ட ஒரு ஹெக்டேர் பிளாட்டுகள்தான் அநாதையாகிப் போகின்றன.

முதலில் மூலைக் கற்கள். ஒரு ஹெக்டேர் என்றால் 100-க்கு 100 மீட்டர். 20-க்கு 20 மீட்டராகப் பிரித்தால் 25 கட்டங்கள், 36 மூலைகள். பி.வி.சி. குழாய் நட்டிருந்தால் இலையுதிர் காட்டில் ஒரு தீ போதும், உருகிவிடும். யானை பிடுங்கிப் போடும். இரும்புக் குழாய் ஊருக்குப் பக்கத்தில் என்றால் காணாமல் போகும். நிலைப்பது சர்வே கல் போல ஆழமாகப் புதைத்த கல்தான். அதைச் சுமந்து போக ஆள் கிடைக்காததால் பெரும்பாலும் நான்கு வெளி மூலைகளுக்கு மட்டும் கல், உள்ளே குழாய். போகிறவர் 36 மூலைகளுக்கும் நடந்து போய், இருப்பது எது, சாய்ந்தது எது, இல்லாதது எது என்று எழுத வேண்டும். ஜி.பி.எஸ். புள்ளி கொடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. அடர்ந்த விதானத்தின் கீழ் கைக்கருவி ஐந்து, பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். 20 மீட்டர் கட்டத்தில் அது பாதிக் கட்டம். அதனால் ஒவ்வொரு வெளி மூலையிலிருந்தும் பக்கத்தில் உள்ள மூன்று பெரிய மரங்களின் எண், தூரம், திசைகாட்டிக் கோணம் மூன்றையும் குறியுங்கள். மூலைக் கல் போனாலும் மூன்றில் இரண்டு மரம் இருந்தால் இடத்தைப் பிடித்துவிடலாம். கோணம் எடுக்கும்போது இரும்புக் குழாயை ஒட்டி நிற்காமல் இரண்டு அடி தள்ளி நிற்பது நல்லது. இரும்பு, முள்ளை இழுக்கும்.

சரிவான இடமாக இருந்தால் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்: டேப்பைத் தரையோடு பிடித்தீர்களா, கிடைமட்டமாகப் பிடித்தீர்களா? 20 டிகிரி சரிவில் தரையோடு 20 மீட்டர் பிடித்தால் கிடைமட்டத்தில் 18.8 மீட்டர்தான் வரும். சரியாக வர 21.3 மீட்டர் இழுக்க வேண்டும். தெரியாமல் விட்டால் ஹெக்டேருக்கு இத்தனை மரம் என்ற கணக்கே ஆறு சதவீதம் பிசகும். அதோடு, அடுத்து வருகிறவர் சரியான முறையில் அளந்து குழாயைத் தேடினால், ஒரு கட்டத்துக்கே ஒன்றேகால் மீட்டர் தள்ளி மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பார்.

அடுத்தது எண் தகடு. அலுமினியத் தகடும் அலுமினிய ஆணியும்தான் சரியான ஜோடி. அலுமினியத் தகட்டை இரும்பு ஆணியில் மாட்டினால், ஈரத்தில் இரண்டும் சேர்ந்து அரித்து, ஓட்டை பெரிதாகித் தகடு விழும். ஆணியை முழுக்க அடிக்கக் கூடாது; பாதிக்கு மேல் வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் பருத்துத் தகட்டை விழுங்கிவிடும். அளவெடுக்கும் இடத்திலேயே ஆணி அடிப்பதும் தப்பு. காயம் ஆறும்போது அந்த இடம் வீங்கும், டேப் அந்த வீக்கத்தையும் வளர்ச்சியாகக் காட்டும். அளவெடுக்கும் கோட்டுக்கு 30 சென்டிமீட்டர் மேலே, தகடு தண்டை விட்டுத் தள்ளித் தொங்கும்படி ஆணியைக் கீழ்நோக்கிச் சாய்த்து அடிப்பது வழக்கம். மெல்லிய கன்றுகளுக்கு ஆணி கூடாது, நைலான் நரம்பில் தளர்ந்த வளையம் போட்டுத் தொங்கவிட வேண்டும். இந்த வளையத்தைப் போட்டவர் போய்விட்டால் தளர்த்த ஆள் இருக்காது. ஐந்து ஆண்டில் கன்று பருத்து, நரம்பு பட்டைக்குள் இறங்கி, மரத்தை நெரித்துவிடும். ஆய்வாளரே கொன்ற மரம் அட்டவணையில் இயற்கை மரணமாக ஏறும். போவதற்கு முந்தைய கடைசிச் சுற்றில் எல்லா வளையங்களையும் தளர்த்திவிட்டுப் போவது குறைந்தபட்சக் கடமை.

தகடு விழுந்த மரத்துக்குப் புது எண் போட்டிருந்தால், பழைய எண், புது எண், மாற்றிய தேதி மூன்றும் தனி அட்டவணையில் இருக்க வேண்டும். விழுந்த தகட்டைத் துடைத்து வேறு மரத்துக்கு மாட்டுவதைப் போல நாசவேலை வேறில்லை. செத்த மரத்தின் எண் செத்த மரத்துக்கே சொந்தம்.

இனி அளவு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மிக அதிகமான குழப்பம் இங்கேதான்.

மார்பளவு உயரம் என்பது உங்களுக்கு எத்தனை? சூழலியல் பிளாட்டுகளில் 1.3 மீட்டர். வனத்துறைக் கையேட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு 1.37, அதாவது நாலரை அடி. ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். அடிமரம் கூம்பாகக் குறுகும் மரத்தில் அந்த ஏழு சென்டிமீட்டர், வளர்ச்சிக் கணக்கையே தின்றுவிடக்கூடும். அடுத்து, அளந்தது சுற்றளவா விட்டமா? சாதாரணத் தையல் டேப்பில் எடுத்தால் சுற்றளவு, விட்ட டேப்பில் எடுத்தால் 3.14-ஆல் வகுத்தது. அட்டவணையின் தலைப்பில் ‘அளவு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், 94 என்பது கட்டிப்பிடிக்க முடிகிற மரமா, கை எட்டாத மரமா என்று யாருக்குத் தெரியும்? எந்த அளவிலிருந்து மரங்களைச் சேர்த்தீர்கள் என்பதும் முக்கியம். இந்தியாவில் 30 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு மேல் என்று எல்லை வைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஆனைமலை வரகளியாற்றில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் போட்ட 30 ஹெக்டேர் பிளாட்டிலும் அதே எல்லைதான். உலகில் பல இடங்களில் எல்லை 10 சென்டிமீட்டர் விட்டம், அதாவது 31.4 சென்டிமீட்டர் சுற்றளவு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒப்பிட்டால், இடையில் உள்ள ஒன்றரை சென்டிமீட்டர் மரங்கள் ஒரு பக்கம் மட்டும் கணக்கில் ஏறும். மெல்லிய மரங்கள்தான் எந்தக் காட்டிலும் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் இந்தப் பிசகு சின்னதல்ல.

அடியில் பலகை போல வேர் விரிந்து நிற்கும் பலகை வேர் மரங்களில் 1.3 மீட்டரில் டேப் சுற்றவே முடியாது. பலகை முடியும் இடத்துக்கு அரை மீட்டர் மேலே அளந்து, அந்த உயரத்தையும் எழுத வேண்டும். பலகை ஆண்டுதோறும் மேலே ஏறும். ஒரு கட்டத்தில் அளவெடுக்கும் கோட்டையும் ஏற்ற வேண்டி வரும். ஏற்றும் அன்று மட்டும் பழைய இடம், புது இடம் இரண்டிலும் அளக்க வேண்டும். இரண்டு எண்ணும் இருந்தால் தொடர்ச்சி அறுபடாது. ஒன்று மட்டும் இருந்தால் மரம் இளைத்துப்போனதாகக் கணினி சொல்லும். ஏணி வைத்து அளந்த மரங்களின் பட்டியலைத் தனியாகக் கொடுங்கள்; அடுத்தவர் ஏணி தூக்கிக்கொண்டு எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

அளவெடுக்கும் கோட்டைப் பெயின்டில் போட்டிருந்தால் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் புதுப்பிக்க வேண்டும். செதில் செதிலாக உரியும் பட்டை என்றால் பெயின்ட் பட்டையோடு போய்விடும். உரிந்த பட்டையைத் தட்டிவிட்டு அளந்தீர்களா, அதோடு சேர்த்து அளந்தீர்களா என்பதையும் குறிக்கலாம். எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். இலையுதிர் காட்டில் கோடையில் தண்டு நீரிழந்து சுருங்கும், மழைக்குப் பிறகு உப்பும். ஒருமுறை மார்ச்சிலும் மறுமுறை நவம்பரிலும் அளந்தால், பார்ப்பது வளர்ச்சியா வெறும் தண்ணீரா என்று பிரிக்க முடியாது.

தண்டைச் சுற்றி நிரந்தரமாக மாட்டி வளர்ச்சியை அளக்கும் டென்ட்ரோமீட்டர் பட்டைகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஸ்டீல் பட்டை, ஸ்பிரிங், வெர்னியர் காலிப்பரில் அளக்கும் இடைவெளி, அவ்வளவுதான் கருவி. மாட்டிய புதிதில் பட்டை தண்டோடு படியும் வரை அளவு நம்பத்தக்கதல்ல. ஆகவே மாட்டிய தேதி இல்லாத பட்டையின் முதல் ஆண்டு எண்கள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. ஸ்பிரிங் முழுக்க விரிந்துவிட்டால் பட்டை வளர்ச்சியைக் காட்டாது, தண்டை இறுக்கும். போகும் முன் எந்தெந்தப் பட்டைகள் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டியவை என்று பட்டியல் போட்டுவிடுங்கள். மாற்றும் நாளில் பழையதன் கடைசி அளவும் புதியதன் முதல் அளவும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

செத்த மரமும் காணாத மரமும் ஒன்றல்ல. இதைத் தடித்த எழுத்தில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டலாம். தண்டு விழுந்து கிடக்கிறது, தகடும் கிடைத்தது என்றால் செத்தது. தேடினோம், மரமும் இல்லை தகடும் இல்லை என்றால் காணவில்லை. மழை வந்துவிட்டது, யானை நின்றது, அந்தக் கட்டத்துக்கே போகவில்லை என்றால் அது மூன்றாவது வகை. மூன்றுக்கும் வேறு வேறு குறி தேவை. ஆயிரம் மரத்தில் ஆண்டுக்கு 20 செத்தால் இறப்பு விகிதம் 2 சதவீதம். காணாத 10 மரங்களையும் செத்ததில் சேர்த்துவிட்டால் 3 சதவீதம். காட்டின் தலையெழுத்தே மாறிவிட்டது போல இருக்கும். பிறகு அந்தப் பத்தில் நாலு அடுத்த கணக்கெடுப்பில் உயிரோடு வந்து நிற்கும். தீயும் யானையும் உள்ள இலையுதிர் காட்டில் இன்னொரு சிக்கல்: மேல்தண்டு செத்து அடியிலிருந்து மறுபடி துளிர்ப்பது. மரம் உயிரோடு இருக்கிறது, அளந்த தண்டு இல்லை. இதற்குத் தனிக் குறி வைத்திருந்தால் அது என்னவென்று எழுதுங்கள். பல தண்டு மரங்களில் அ, ஆ, இ என்று தண்டுக்குப் பெயர் வைத்திருந்தால், பெரிய தண்டு செத்த பிறகும் அடுத்ததற்கு ‘அ’ பட்டத்தை மாற்றிக் கொடுக்காதீர்கள். அடிப்பரப்பு, அதாவது தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, கணக்கிடும்போது ஒவ்வொரு தண்டுக்கும் தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்ட வேண்டும், விட்டங்களைக் கூட்டிவிட்டுக் கணக்குப் போடக் கூடாது. எந்த வழியில் செய்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் மூன்று வரி தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை வேண்டாம்.

மரத்திலிருந்து விழும் இலை, பூ, சுள்ளிகளைப் பிடிக்கும் சருகு வலைகளுக்கும் இதே நோய் உண்டு. வலையில் பூ விழவில்லை என்றால் பூஜ்யம். வலையைக் குரங்கு கிழித்துவிட்டது என்றால் வெற்றிடம். இரண்டையும் பூஜ்யமாக எழுதினால் காடு பூப்பதைக் குறைத்துவிட்டதாக ஒரு முடிவு வரும். வலையின் பரப்பு அரை சதுர மீட்டரா ஒன்றா, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுத்தீர்கள், அடுப்பில் எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் உலர்த்தினீர்கள், எந்தத் தடிமன் வரை சுள்ளி, அதற்கு மேல் விறகு, இந்த நான்கும் இருந்தால் போதும்.

பெயர்கள் விஷயம் தனிக் கதை. முதுமலைப் பக்கம் கருமருது என்கிற மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆய்வேட்டில் டெர்மினாலியா டொமென்டோசா, அடுத்ததில் டெர்மினாலியா கிரெனுலாட்டா, இன்னொன்றில் டெர்மினாலியா அலாட்டா, இப்போது டெர்மினாலியா எலிப்டிகா. மரம் ஒன்றேதான். வெக்காலி நெடுங்காலம் அனோகெய்சஸ் லாட்டிஃபோலியாவாக இருந்தது. 2017-இல் அந்தப் பேரினத்தையே டெர்மினாலியாவுக்குள் சேர்த்து டெர்மினாலியா அனோகெய்சியானா ஆக்கிவிட்டார்கள். இனப் பெயருக்கு ஆறெழுத்துச் சுருக்கக் குறி வைத்திருக்கும் ஆய்வகத்தில் இதனால் ஒரே மரம் இரண்டு இனமாகி, இனப்பன்மை எண்ணிக்கை கூடிவிடும். தீர்வு சுலபம்: குறியை மாற்றாதீர்கள். குறி, அன்று வைத்த பெயர், எந்த நூலைப் பார்த்து வைத்தீர்கள், இன்றைய பெயர் என்று நான்கு பத்தி அட்டவணை ஒன்று. ‘தெரியாத இனம் 7’ என்று எழுதியிருந்தால் அதற்கு உலர் மாதிரி எந்த ஷீட்டில் இருக்கிறது என்பதும் வேண்டும். இரண்டு மாணவர்களின் ‘தெரியாத இனம் 7’ ஒரே மரமாக இருக்க எந்த நியாயமும் இல்லை. அதனால் எண்ணோடு ஆண்டும் சேர்ந்திருப்பது நல்லது.

பூவோ காயோ உள்ள மாதிரியாக இருந்தால் ஆய்வக அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். கோவையில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் மெட்ராஸ் ஹெர்பேரியம் (உலர் தாவர மாதிரிக் காப்பகம்) இருக்கிறது, புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியம் இருக்கிறது. சேர்த்துவிட்டு, அவர்கள் தரும் எண்ணை அட்டவணையில் எழுதுங்கள். வெறும் இலை மட்டும் உள்ள மாதிரிகள் ஆய்வகத்திலேயே இருக்கட்டும், மரத்தின் தகட்டு எண்ணோடு. செய்தித்தாளுக்கு நடுவில் பெயரில்லாமல் கிடக்கும் இலையைப் பூச்சி தின்றாலும் நஷ்டமில்லை, எப்படியும் அது குப்பைதான். ஃப்ரீசரில் உள்ள உறைகளுக்கும் இதே விதி. பேனா எழுத்து ஈரத்திலும் ஆல்கஹாலிலும் கரையும், மார்க்கர் வெயிலில் வெளிறும், பென்சில் அசையாது. பென்சிலில் எழுதிய துண்டுத்தாளை உறைக்கு உள்ளேயும் ஒன்று போடுங்கள்.

கணினிக் கோப்புகளில் நடக்கும் விபத்துகள் ஏறக்குறைய எல்லா ஆய்வகத்திலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கட்டத்தின் பெயர் 0004 என்றால் எக்செல் அதை 4 ஆக்கிவிடும். 3-4 என்று பெயர் வைத்தால் அதை ஏப்ரல் மூன்றாகவோ மார்ச் நான்காகவோ மாற்றிவிடும். தேதியை 03/04/2009 என்று எழுதினாலும் அதே குழப்பம். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதினால் தொல்லை விட்டது. கடைசிப் பிரதியை எக்செல்லாக வைக்காமல் சி.எஸ்.வி. என்கிற வெறும் எழுத்துக் கோப்பாக வைப்பது நல்லது. மஞ்சள் நிறம் அடித்த கட்டங்கள் எதைக் குறிக்கின்றன என்று அடித்தவருக்கே இரண்டு ஆண்டில் மறந்துவிடும். நிறத்துக்குப் பதில் ஒரு குறிப்புப் பத்தி போடலாம்.

மிகப் பெரிய திருட்டுத்தனம் ‘சுத்தம் செய்த கோப்பு’ என்பது. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்துக்காகக் கொடிகளையும் பனை வகைகளையும் நீக்கியிருப்பார்; ஐந்தாம் அத்தியாயத்துக்காக வளர்ச்சி எதிர்மறையாக வந்த மரங்களை நீக்கியிருப்பார். பென் டிரைவில் கிடைப்பது அந்தக் கோப்பு. காட்டுத் தாளிலிருந்து அப்படியே தட்டச்சு செய்த மூலக் கோப்பு தனியாக, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டப்பட்டு இருக்க வேண்டும். எதை, ஏன் நீக்கினீர்கள் என்பது ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியில் எழுதிய நிரலில் வரிவரியாக இருக்க வேண்டும். அந்த நிரலை வேறொருவரின் கணினியில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஓட்டிப் பாருங்கள். உங்கள் மடிக்கணினியின் கோப்புறைப் பாதையைத் தேடி முதல் வரியிலேயே நின்றுவிடும், பெரும்பாலும். காட்டுத் தாள்களை ஸ்கேன் செய்யுங்கள். மழைக்கறையோடும் அட்டை ரத்தத்தோடும் இருந்தாலும் பரவாயில்லை. தட்டச்சில் 1-க்கும் 7-க்கும் சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க அது ஒன்றுதான் இடம்.

பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியோடு இணைத்த இணையச் சேமிப்பில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கணக்கை மூடிய அன்று எல்லாம் போகும். ஆய்வகத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு உரிமையை மாற்றிக் கொடுங்கள். ‘பகிர்வது’ உரிமை மாற்றம் ஆகாது.

யார் இந்தத் தரவை எப்போது பயன்படுத்தலாம் என்பதை அன்பாக இருக்கும்போதே எழுதிக்கொள்வது உத்தமம். மூன்று வரி போதும்: இன்ன அத்தியாயங்களின் கட்டுரைகள் வெளிவரும் வரை, அல்லது இன்ன தேதி வரை, மற்றவர் தொடக் கூடாது, அதன்பின் ஆய்வகம் பயன்படுத்தலாம், பயன்படுத்தினால் பெயர் ஆசிரியர் வரிசையிலா, நன்றியுரையிலா. தேதி கட்டாயம். தேதி இல்லாவிட்டால் வெளிவராத கட்டுரைக்காகப் பத்து ஆண்டு தரவு பூட்டிக் கிடக்கும்.

சரணாலயத்தில் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28-ஆம் பிரிவின் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அனுமதியின் நகல், நிபந்தனைகள், கொடுக்க வேண்டிய அறிக்கையைக் கொடுத்த ரசீது, மூன்றும் கோப்பில் இருக்கட்டும். முன்னவர் அறிக்கை கொடுக்காமல் போனால் அடுத்தவரின் விண்ணப்பம்தான் மேசையில் தூங்கும்.

இத்தனையும் எழுதினாலும் எழுத்தில் வராதது ஒன்று உண்டு. முதுமலையில் குறும்பரும் இருளரும், ஆனைமலையில் காடரும் மலசரும் பல ஆய்வகங்களுக்குக் களப்பணி செய்கிறார்கள். மாணவர்கள் மாறினாலும் அவர்கள் மாறுவதில்லை. பட்டையில் ஒரு கீறு கீறி, பாலின் நிறத்தையும் வாசனையையும் வைத்து இன்ன மரம் என்று சொல்லிவிடுவார்கள். எந்தக் கட்டத்தில் யார் எப்போது அளவெடுக்கும் கோட்டை ஏற்றினார்கள் என்பதும் அவர்களுக்கு நினைவிருக்கும். ஆய்வகத்தின் உண்மையான ஆவணக்காப்பகம் அவர்கள்தான், ஆனால் ஆய்வேட்டில் ‘களப்பணியாளர்கள்’ என்று ஒரே சொல். மரங்களுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களை இனப் பட்டியலில் ஒரு பத்தியாகச் சேருங்கள். புதிதாக வருகிறவரை அவர்களிடம் நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். கூலி பாக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். அந்தக் கடனை அடுத்து வருகிறவர்தான் சுமப்பார்.

காட்டில் செலவிடும் அந்த ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை இரட்டை அளவு. போகிறவரும் வருகிறவரும் ஒரே நாளில், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், அதே 100 மரங்களை அளக்க வேண்டும். மெல்லியது, பெரியது, பலகை வேர், பல தண்டு, கொடி சுற்றியது எல்லாம் அந்த நூறில் இருக்கட்டும். கொடிக்கு அடியில் டேப்பை நுழைத்து அளக்க ஒருவர் மெனக்கெடுவார், ஒருவர் மேலாகவே சுற்றுவார்; ஒருவர் இறுக்கிப் பிடிப்பார், ஒருவர் தளர்த்துவார். வித்தியாசங்களின் சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. ஒருவர் தொடர்ந்து கூடுதலாகக் காட்டினால் அது ஆள் பிசகு. அடுத்த கணக்கெடுப்பில் வரும் வளர்ச்சியில் அவ்வளவைக் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் பருக்கும் மரத்தில் 3 மில்லிமீட்டர் ஆள் பிசகு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே போய்விட்டவர்களிடம் கேட்கிற நிலை என்றால், “உங்க டேட்டா பத்திக் கொஞ்சம் சொல்லுங்க அண்ணா” என்று கேட்டுப் பயனில்லை. பதில் வராது, வந்தாலும் எல்லாம் ஆய்வேட்டில் இருக்கிறது என்று வரும். “கட்டம் 0312-இல் 4471-ஆம் மரத்துக்கு முதலில் 88, அடுத்து 61 என்று இருக்கிறது, அளவெடுத்த இடத்தை மாற்றினீர்களா அக்கா?” என்று தாளின் படத்தோடு கேளுங்கள். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அந்த நாளே நினைவுக்கு வரும். ஒரு கடிதத்தில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

முன்னாள் உறுப்பினர் பட்டியல் எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது: பெயர், ஆய்வேட்டுத் தலைப்பு, இப்போது எந்த ஊரில் என்ன வேலை. பெருமைக்கு அது சரி. வேலைக்கு உதவ வேண்டுமென்றால் இன்னும் சில பத்திகள் தேவை: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை காட்டில் இருந்தார், எந்தெந்த பிளாட், எத்தனையாம் எண் நோட்டுகள், சுற்றளவு டேப்பா விட்ட டேப்பா, தாளில் போட்ட சுருக்கக் கையெழுத்து என்ன, மாறாத சொந்த மின்னஞ்சல். சுருக்கக் கையெழுத்தில் நம்மவர்களுக்கு ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. ஒருவரே ஓராண்டு எஸ்.கே. என்றும் மறு ஆண்டு கே.எஸ். என்றும் போடுவார், தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா என்று முடிவு செய்யாமல். உண்மையாகவே கே.எஸ். என்று இன்னொருவர் அதே ஆய்வகத்தில் இருந்திருப்பார். தாளில் முழுப்பெயர் எழுத நாலு விநாடி ஆகும்.

கடைசியாகத் தகர டிரங்குப் பெட்டி. மீதியுள்ள தகடுகளைக் கட்டி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை மிச்சம் என்று மேலே எழுதுங்கள். நடுவில் வளைந்து தூக்கிப்போட்ட எண்களையும் எழுதுங்கள். பெட்டிச் சாவி முகாமில் யாரிடம் இருக்கிறது என்பதையும்.